டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் பிரித்துக் கோத்த பிறகு: கம்ப்ரஷன் பார்ப்பதிலும் பெட்ரோல் ஊற்றுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் தேவகோட்டையிலிருந்து ஓர் இளைஞர் யமஹா ஆர்எக்ஸ் 100 என்ற டூ ஸ்ட்ரோக் பைக்கின் பிஸ்டனைச் செய்தித்தாளில் பொதிந்து காரைக்குடியில் உள்ள என் பட்டறைக்கு எடுத்துவந்தார். ரீபோர் செய்து (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்தி) புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தாளைப் பிரித்தேன். பிஸ்டன் தலையின் ஓரம், சைலன்சர் பக்கமாக, எலி கொறித்த கொப்பரை போல அரித்திருந்தது. கூடவே கொண்டுவந்த பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் கடுகைவிடச் சிறிய அலுமினிய மணிகள் ஒட்டியிருந்தன.

"ஹெட்டைச் சீவினீர்களா?" என்று கேட்டேன். ஹெட் என்பது சிலிண்டரின் மேல்மூடி.

"ஆமாம் அண்ணே, கம்ப்ரஷன் குறைவாகக் காட்டியது" என்றார். பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்தான் கம்ப்ரஷன்.

அந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. 1999இல் இதே காரணத்துக்காக இதே தவறை நானும் செய்தேன், அதுவும் நம்பி விட்டுச்சென்ற வாடிக்கையாளரின் வண்டியில். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் அதே பள்ளத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. போல்ட்டை அளவாக முறுக்குங்கள், ரிங்கில் எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கட்டும் என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆக்சிலரேட்டரை முறுக்காமல் கம்ப்ரஷன் பார்ப்பது

அந்த இளைஞர் செய்தது இதுதான். பிளக்கைக் கழற்றி, அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, மூன்று முறை கிக்கை மிதித்தார். முள் 85 பி.எஸ்.ஐ.யில் நின்றது. புது ரிங் போட்டும் 85தானா என்று பதறி, ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோய் 1 மில்லிமீட்டர் சீவிவிட்டார். மறுபடி பார்த்தபோது முள் மேலே போயிருந்தது. நிம்மதியாகி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கார்புரேட்டரின் ஸ்லைடு (காற்று வழியைத் திறந்து மூடும் பாகம்) இறங்கியிருக்கும்போது எஞ்சினுக்குள் போகும் காற்று மிகக் குறைவு. உள்ளே வராத காற்றைப் பிஸ்டன் எப்படி அழுத்தும்? ஆக்சிலரேட்டரை முழுவதும் முறுக்கிப் பிடித்து, சோக்கைத் திறந்துவைத்து, முள் இனி ஏறாது என்று நிற்கும்வரை ஆறேழு முறை வலுவாக மிதித்தால்தான் உண்மையான அளவு வரும். அவர் கையிலிருந்த எஞ்சினில் குறையே இல்லை. முறையாகப் பார்த்திருந்தால் 115, 120 காட்டியிருக்கும். சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அது நல்ல அளவு. என் கணக்கில் 100க்குக் கீழே இறங்கினால் காரணம் தேட வேண்டும். 150ஐத் தாண்டினால் அதற்கும் காரணம் தேட வேண்டும். யாரோ ஹெட்டில் கை வைத்திருக்கிறார்கள் அல்லது உள்ளே கரி தடித்திருக்கிறது.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்கலாம். ஆர்எக்ஸ் 100க்கு போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ. அந்த விட்டத்தில் 1 மி.மீ. உயரம் என்பது கிட்டத்தட்ட 2 சி.சி. இடம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் மொத்த இடமே சில தேக்கரண்டி எண்ணெய் கொள்ளும் அளவுதான். அதில் 2 சி.சி. போனால் மிச்சமிருக்கும் கலவை இன்னும் இறுக்கமாக அழுத்தப்பட்டுச் சூடேறும். பிளக்கில் கிளம்பிய தீ போய்ச் சேரும் முன்பே ஓரத்தில் இருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். அதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் வரும். இவருக்கும் வந்திருக்கிறது. டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்று நினைத்தாராம். டூ ஸ்ட்ரோக்கில் டேப்பட்டே கிடையாது.

பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, மதிய வெயிலில், எதிர்காற்றில், டாப் கியரில் திருமயம் போகும் வழியில் பின்சக்கரம் கிறீச்சிட்டு இறுகியது. கிளட்ச்சைப் பிடித்ததால் இருவரும் பிழைத்தார்கள். எஞ்சினில் பிஸ்டன் போயிற்று. சிலிண்டரில் கோடு விழுந்தது. உதிர்ந்த துணுக்குகள் அடித்து ஹெட்டின் உட்புறம் அம்மைத் தழும்பாகிவிட்டது. 1996உடன் தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. நல்ல அசல் ஹெட் தேடி மதுரையில் எத்தனை பழைய சாமான் கடை ஏறி இறங்க வேண்டும் என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு ரீபோருக்கும் சிலிண்டரின் ஆயுளில் ஒரு பங்கு போய்விடுகிறது. கையை முறுக்கிப் பிடிக்காத அரை நிமிடத்துக்கு இத்தனை செலவு.

ஹெட்டைச் சீவியே ஆக வேண்டும் என்று தோன்றினால், முதலில் ஈயக்கம்பி ஒன்றைப் பிளக் துளை வழியாகச் சிலிண்டர் சுவரைத் தொடும்படி நுழைத்து, கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய நுனியை வெர்னியரில் அளந்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். அளக்காமல் லேத் வாசலில் போய் நிற்காதீர்கள்.

கார் கேஜை அப்படியே மாட்டுவது

கேஜின் ஒருவழி வால்வு, பிளக் துளையில் முறுக்கும் நுனியிலேயே இருக்க வேண்டும். வால்வு மேலே இருந்து, ஒரு முழ ரப்பர் குழாய் நடுவில் இருந்தால் அந்தக் குழாயும் எரியும் அறையின் ஒரு பகுதியாகிவிடும். பெரிய கார் எஞ்சினில் அது பெரிதாகத் தெரியாது, 98 சி.சி.யில் முள் நன்றாகவே இறங்கிவிடும். கேஜ் நுனியில் உள்ள மரையின் நீளத்தையும் பாருங்கள். ஆர்எக்ஸ் 100க்குக் குட்டை மரை. நீள மரையை முறுக்கினால் பிஸ்டன் வந்து முட்டும்.

கழற்றிய பிளக்கைத் தொங்கவிடுவது

எஞ்சின் உடலில் படும்படி வையுங்கள். இல்லாவிட்டால் இக்னிஷன் காயில் கெட்டுப்போய்விடும்.

கோத்த கையோடு வந்த அளவை நம்புவது

கோக்கும்போது தடவிய எண்ணெய் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்வதால் முதல் அளவு கூடுதலாகவே காட்டும். அந்த எண்ணெய் எரிந்தபின், ரிங் இன்னும் சிலிண்டரோடு பழகாத நாட்களில், குறைவாகக் காட்டலாம். இரண்டையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 500 கிலோமீட்டர் ஓட்டியபின் எஞ்சின் சூடாக இருக்கும்போது பார்க்கும் அளவுதான் கணக்கு. அதைத் தேதியோடு எழுதிவையுங்கள்.

இன்னொன்று. மேலே கம்ப்ரஷன் சரியாக இருந்தும் கீழே கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையம்) கசிந்தால் கேஜ் அதைக் காட்டாது. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்கத் தயங்கினால் சீலைச் சந்தேகப்படுங்கள். காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது.

பூட்டிய வீட்டில் நின்ற பெட்ரோலையே ஓட்டுவது

இது எங்கள் செட்டிநாட்டில் அடிக்கடி நடப்பது. படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ மட்டும் திறக்கும் வீடுகள் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் நிறைய. முகப்பிலோ பின்கட்டிலோ அப்பச்சி காலத்து வண்டி நிற்கும். எஞ்சினை மட்டும் கழற்றி என்னிடம் அனுப்புவார்கள். டாங்கில் ஆறு மாதப் பெட்ரோல் அப்படியே இருக்கும்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் ஒன்று கடந்து அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். அப்படி ஒரு டாங்கை ஹார்லிக்ஸ் பாட்டிலில் வடித்துவைத்தேன். பத்து நிமிடத்தில் நடுவில் நூல் பிடித்தது போல ஒரு கோடு தெரிந்தது. மேலே எண்ணெயின் நிறத்தோடு பெட்ரோல், கீழே நிறமே இல்லாத நீர். எண்ணெய் மேலேயே நின்றுவிட்டது. குழாய் திறப்பதோ அடியில். பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்றும் டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் மொபெட் போன்ற வண்டியில் புது பிஸ்டனுக்கு எண்ணெயே போகாது. எனவே வடித்துவிடுங்கள், டாங்கைக் கழுவுங்கள், கார்புரேட்டர் கிண்ணத்தையும் திறந்து பாருங்கள்.

பழைய ஜெட்டை அப்படியே விடுவது

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எத்தனால் கலந்ததை அதே ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு துளை) வழியாக அதே அளவு விட்டால் காற்று மிஞ்சுகிறது, எஞ்சின் சூடேறுகிறது. எத்தனால் வரும் முன்பு செய்த வண்டிக்கு மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டி, நல்ல வேகத்தில் ஓட்டி, எஞ்சினை அணைத்துப் பிளக்கைப் பாருங்கள். காபிப் பொடி நிறம் வந்தால் சரி. வெளுத்திருந்தால் அடுத்த ஜெட். எண்ணெயைக் கூடுதலாக ஊற்றினால் சூடு தணியும் என்று சிலர் நினைக்கிறார்கள். எண்ணெய் கூடினால் அதே ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறைகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விலை உயர்ந்த பெட்ரோல் இழுவை தரும் என்பது

தராது. ஆக்டேன் என்பது நாக்கிங்கைத் தாங்கும் திறன். ஹெட்டில் கை வைக்காத எஞ்சினுக்குச் சாதாரண பெட்ரோலே போதும்.

ஆயில் பம்ப்பில் காற்றை விட்டுவைப்பது

ஆர்எக்ஸ் 100இல் பம்ப் எண்ணெயை எடுத்துக்கொடுக்கும். பிரித்தபோது குழாயில் காற்று புகுந்திருக்கும். பம்ப்பின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை வடியவிடுங்கள். முதல் டாங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் எண்ணெய் தனியாகவும் கலந்துவிடுங்கள். புகை வரும், வரட்டும். எண்ணெய் டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்ற தரக்குறி இருக்க வேண்டும். படகு எஞ்சினுக்கான எண்ணெய் மலிவாகக் கிடைத்தாலும் காற்றில் குளிரும் எஞ்சினுக்கு அது ஆகாது.

புது எஞ்சினைப் பழனிப் பாதயாத்திரைக்கு அனுப்புவது

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாக நடப்பவர்களுக்குத் தண்ணீர் சுமந்தபடி, நடை வேகத்தில், முதல் கியரில் நாள் முழுக்க ஓட வேண்டும். காற்றும் படாது, வேகமும் இராது. 500 கிலோமீட்டர் ஓடாத எஞ்சினை அதற்குத் தரவே மாட்டேன். மார்கழிக்கு முன்பே கொண்டுவாருங்கள்.

மண்ணெண்ணெய் கலப்பது

ஒரு சொட்டும் கூடாது.