பார்க்கின்சன் உள்ள கணவரோடு ஒன்பது ஆண்டுகள்: நான் செய்த தவறுகள்

போன வாரம் நரம்பியல் மருத்துவரின் அறை வாசலில் ஒரு பெண் கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். “வாங்க, கூப்பிடறாங்கல்ல!” அவர் இழுக்க இழுக்க, கணவரின் உடல் முன்னால் சாய்ந்ததே தவிர கால் நகரவில்லை. பார்க்கின்சனில் கால் சில நேரம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். நானும் இப்படி இழுத்து என் கணவரைக் கீழே விழவைத்திருக்கிறேன். எழுந்து போய், “கையை விடுங்கம்மா” என்றேன். தரையில் தெரிந்த டைல்ஸ் கோட்டைக் காட்டி, “இதைத் தாண்டுங்க சார்” என்றதும் தாண்டிவிட்டார்.

மாத்திரை நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்

இந்த நோயில் உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைந்துவிடுகிறது. அதற்குத் தரும் முக்கிய மாத்திரையான லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. வழியிலேயே வீணாகாமலிருக்க கார்பிடோபா என்ற துணை மருந்தைச் சேர்த்துக் கொடுத்தாலும் ரத்தத்தில் லெவோடோபாவின் அளவு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோய் வளர வளர மூளையால் டோபமைனைச் சேர்த்துவைக்க முடிவதில்லை. அப்போது அரை மணி தாமதம்கூட உடம்பில் தெரியும்.

முதல் இரண்டு ஆண்டுகள் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதையும் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுத்தேன். உணவிலுள்ள புரதம் குடலில் இந்த மருந்தோடு போட்டி போடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பொதுவாக உணவுக்கு அரை மணி முன்பு, இல்லையென்றால் ஒரு மணி நேரம் கழித்து. வெறும் வயிற்றில் குமட்டினால் மருத்துவரைக் கேளுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, இடுப்பு எலும்பு முறிந்து அவர் மருத்துவமனையில் இருந்தபோது நடந்தது. காலை 6 மணி மாத்திரை வார்டில் எட்டரைக்குத்தான் வந்தது. மாத்திரை என் பையிலேயே இருந்தது. ‘அவர்களுக்குத் தெரியாதா’ என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏழரைக்குக் கொடுத்த தண்ணீர் விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு ஊசி வேறு போட்டார்கள். டோபமைனைத் தடுக்கும் அந்த மருந்து இவர்களுக்கு ஆகவே ஆகாது. மூன்றாம் நாள் “நோய் முற்றிவிட்டது” என்றார்கள். முற்றவில்லை. பழைய நேரத்துக்குத் திரும்பியதும் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டார். அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மாத்திரையின் பெயர், அளவு, மணி, ஆகாத மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, சேர்க்கும்போதே நர்ஸிடம் கொடுத்துப் பேசுங்கள். அப்புறம், நீங்களாக மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பணம் திடீரென்று கரைகிறதா?

இதே நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலரைச் சூதாட்டத்திலும் கண்டதை வாங்குவதிலும் தள்ளிவிடும். அவரைத் திட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முகத்தைப் பார்த்து மனதை எடைபோடாதீர்கள்

இந்த நோயில் முகத் தசைகள் விறைத்துவிடும். சிரிக்காதது தசைதான், மனதல்ல. மனதில் என்ன என்று கேட்டால் சொல்வார்.

ஒரே கட்டில்

இவர்களில் பலர் கனவில் நடப்பதைத் தூக்கத்தில் அப்படியே செய்வார்கள். ஓர் இரவு யாரையோ விரட்டிய அவர் கை என் கண்ணுக்குக் கீழே பட்டு வீங்கிவிட்டது. மறுநாள் அதைப் பார்த்து அவர் அழுதார். இப்போது எங்களுக்கு இரண்டு கட்டில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில்.