40 மீட்டர் அமெச்சூர் ரேடியோ பேண்டுக்கு ஒன்றரை வாட் கிளாஸ் ஈ ஆம்ப்ளிஃபையர்

டிரான்சிஸ்டரின் டிரைன் காலில் வோல்டேஜ் நிற்கும்போது கரண்ட் ஓடக்கூடாது, கரண்ட் ஓடும்போது வோல்டேஜ் நிற்கக்கூடாது. நேதன் சோக்கலும் ஆலன் சோக்கலும் 1975-இல் வெளியிட்ட, டிரான்சிஸ்டரைச் சுவிட்சாக இயக்கும் கிளாஸ் ஈ முறையின் உயிர்நாடி இதுதான். இரண்டும் ஒன்றாக இருக்கும் நேரம்தான் சூடாக மாறுகிறது.

7.03 மெகாஹெர்ட்ஸ், 12 வோல்ட் என்று வைத்துக்கொண்டு, லோடை (ஆன்டெனா பக்கச் சுமையை) 50 ஓமாகவே விட்டுக் கணக்கிட்டால் சுமார் ஒன்றரை வாட் வரும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். முதல் முறைக்கு அது வேண்டாம்.

மூன்று பிஎஸ்170 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களை இணையாகப் போடுங்கள். அதற்குப் பதில் 2என்7000 போட்டால் கால் வரிசை தலைகீழ், கவனம். சப்ளையிலிருந்து டிரைனுக்கு 47 மைக்ரோஹென்றி சோக் (டிசியை விட்டு ஆர்எஃப்பைத் தடுக்கும் காயில்): எஃப்டி37-43 ஃபெரைட் வளையத்தில் 12 சுற்று. டிரைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மொத்தம் 100 பைகோஃபாரட் தேவை. பெரும்பகுதியை மூன்று டிரான்சிஸ்டர்களே தந்துவிடும், மீதிக்கு 5–40 டிரிம்மர். அடுத்து தொடராக 120 பைகோஃபாரட், பிறகு 5.7 மைக்ரோஹென்றி காயில்: டி50-2 இரும்புத்தூள் வளையத்தில் 0.4 மி.மீ. கம்பி, 34 சுற்று. 120 கட்டாயம் என்பி0 (சூட்டில் மதிப்பு மாறாத வகை), 100 வோல்ட். சாதாரண டிஸ்க் சூடேறி அலையும். கடைசியில், மேல் அதிர்வெண்களை வெட்டும் லோ பாஸ் ஃபில்டர்: கிரவுண்டுக்கு 270, 680, 680, 270 பைகோஃபாரட், அவற்றுக்கிடையே டி37-6-இல் 21, 24, 21 சுற்று.

டிரான்சிஸ்டர் அதிகம் எரிவது, அதன் கேட் காலை இயக்கும் டிரைவரின் தவறால்தான். 5 வோல்ட்டில் 74ஏசிடி00 (நான்கு நேண்ட் லாஜிக் கொண்ட ஐசி) போடுங்கள். 74ஏசி00 ஆனால், அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டரின் 3.3 வோல்ட் அதற்குப் பற்றாது. ஒரு நேண்டில் ஆஸிலேட்டரின் ஆர்எஃப்பும் மோர்ஸ் கீயும், மற்ற மூன்றும் இணையாக இன்வர்ட்டராக கேட்டுக்கு. முதல் நேண்டை நேரே கேட்டில் கொடுத்தால், கீயை விட்டதும் வெளியீடு 5 வோல்ட்டில் நின்றுவிடும். சோக் வழியே முழு கரண்ட் பாய்ந்து மூன்றும் போய்விடும். கீ லைனிலும் கேட்டிலும் 10 கிலோஓம் கிரவுண்டுக்குக் கட்டுங்கள்.

ஆன்டெனாவுக்குப் பதில் வைத்துச் சோதிக்கும் டம்மி லோடுக்கு 100 ஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்டர் இரண்டு இணையாகப் போதும். ஸ்கோப்பை டிரைனில் வைத்தால் 43 வோல்ட் வரை ஒரு மேடு எழுந்து, கேட் ஏறும் கணத்தில் வழுக்கிக்கொண்டு பூஜ்யத்தைத் தொட வேண்டும். தொடாமல் செங்குத்தாக விழுந்தால் டிரிம்மரைக் குறையுங்கள். கடைசி வரை குறைத்தும் விழுந்தால் காயிலின் சுற்றுகளை நெருக்குங்கள். முன்னதாகவே தரைதட்டிக் கிடந்தால் டிரிம்மரைக் கூட்டுங்கள். ஸ்கோப் ப்ரோபே பத்துப் பதினைந்து பைகோஃபாரட் சேர்க்கும். அதை எடுத்தபின் டிரிம்மரைச் சற்றே கூட்டிவிட வேண்டும்.

ஸ்கோப் இல்லையா? லோடில் 1என்4148-உம் 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வைத்து டிசி பாருங்கள். 10.8 வோல்ட் காட்டினால், டயோடின் 0.6 கூட்டி, வர்க்கத்தை 100-ஆல் வகுத்தால் 1.3 வாட். அப்போது சப்ளை 130 மில்லிஆம்பியர் என்றால் திறன் 83 சதவீதம். விரல் வைத்தால் டிரான்சிஸ்டர் வெதுவெதுப்பாக மட்டுமே இருக்க வேண்டும்.

13.8 வோல்ட்டில் டிரைன் உச்சம் 49-ஐத் தொடும், பிஎஸ்170 தாங்குவது 60. ஆன்டெனா கழன்றால் அந்த இடைவெளியை நம்ப முடியாது. இது மோர்ஸுக்கு மட்டும். எஸ்எஸ்பி (குரல் அனுப்பும் முறை) கொடுத்தால் குரல் சிதைந்துபோகும்.