லினக்ஸ் அப்டேட்: 'ஒய்' தட்டுவதற்கு முன்னால் பட்டியலைப் படியுங்கள்

உபுண்டு, டெபியன், மின்ட் என்று எந்த லினக்ஸ் வகையானாலும் சரி, அப்டேட்டுக்குப் பிறகு சிஸ்டம் படுத்துவிட்டது என்று சொல்பவர்களில் பலர், எவையெல்லாம் மாறப்போகின்றன என்று டெர்மினல் திரையில் வந்த பட்டியலைப் படிக்காமலே 'ஒய்' (சரி) தட்டி என்டர் அடித்தவர்களாக இருப்பார்கள்.

முதலில் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாக நடக்க விட்டுவிடுங்கள். 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' என்ற பேக்கேஜ் (நிறுவக்கூடிய மென்பொருள் தொகுப்பு) அதற்குத்தான் இருக்கிறது, உபுண்டுவில் பொதுவாக அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். மற்றதை வாரத்துக்கு ஒருமுறை, கையில் அவசர வேலை இல்லாத நேரமாகப் பார்த்து, நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள்.

டெர்மினலில் 'சுடோ ஆப்ட் அப்டேட்' என்ற கட்டளை, கிடைக்கும் பேக்கேஜ்களின் பட்டியலை மட்டும்தான் புதுப்பிக்கும். நிறுவுவது 'ஆப்ட் அப்கிரேட்', அது இருக்கிற பேக்கேஜ் எதையும் நீக்காது. 'ஃபுல்-அப்கிரேட்' தேவைப்பட்டால் நீக்கும். அதனால் அதை ஓட்டும்போது 'ரிமூவ்டு' (புதிய பதிப்புகளில் 'ரிமூவிங்') என்ற வரியைக் கட்டாயம் பாருங்கள். உங்கள் டெஸ்க்டாப்பின் பெயரோ கிராஃபிக்ஸ் டிரைவரோ அதில் இருந்தால் 'என்' (வேண்டாம்) கொடுத்து வெளியே வந்துவிடுங்கள், அப்புறம் வெளியிலிருந்து சேர்த்த பிபிஏ (தனியார் பேக்கேஜ் களஞ்சியம்) எதுவும் முட்டுகிறதா என்று தேடுங்கள். 'கெப்ட் பேக்' (புதிய பதிப்புகளில் 'நாட் அப்கிரேடிங்'), அதாவது சில பேக்கேஜ்கள் இப்போதைக்கு நிறுத்திவைக்கப்பட்டன என்று வந்தால் பதற வேண்டாம். உபுண்டு சில அப்டேட்டுகளை எல்லோருக்கும் ஒரே நாளில் தருவதில்லை, படிப்படியாகத்தான் விடுகிறது.

நடுவில் ஒரு கேள்வி வரும், அங்கேதான் நிதானம் வேண்டும். நீங்கள் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலைத் திருத்தி வைத்திருக்கிறீர்கள், புதிய பதிப்பும் அதே ஃபைலை மாற்றி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும். 'டி' தட்டினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வரி வரியாகக் காட்டும். குழப்பமாக இருந்தால் 'என்' கொடுங்கள், உங்கள் ஃபைல் அப்படியே இருக்கும், புதியது பெயரின் கடைசியில் 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடு பக்கத்திலேயே கிடக்கும், பொறுமையாக ஒப்பிட்டுக்கொள்ளலாம். 'ஒய்' கொடுத்தால் நீங்கள் உட்கார்ந்து செய்த அமைப்பின் இடத்தில் புதியது வந்து உட்கார்ந்துவிடும்.

சிஸ்டத்தைத் தொடங்கும் ஃபைல்கள் இருக்கும் பூட் பார்ட்டிஷன் தனியாக இருந்தால் பழைய கெர்னல்கள் (லினக்ஸின் மையப் பகுதி) சேர்ந்து அதை நிரப்பிவிடும், தேவையற்ற பழையவற்றை நீக்க அவ்வப்போது 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' ஓட்டுங்கள். புது கெர்னல் வந்தால் ரீபூட் செய்யுங்கள், அதுவரை ஓடுவது பழைய கெர்னல்தான், அடைக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டை உங்கள் மெஷினில் இன்னும் திறந்தேதான் இருக்கும்.

பாதியில் கரண்ட் போய்விட்டதா? 'சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுங்கள், பிரித்து வைத்து அமைக்காமல் விட்ட பேக்கேஜ்களை அமைத்து முடிக்கப் பார்க்கும்.