உள்நீச்சல் தெரிந்த டெல்டாக்காரர்கள் ஃப்ரீடைவிங் ஆரம்பிப்பது எப்படி

நம்ம பக்கம் ஆற்றோரம் வளர்ந்தவர்களில் யாரைக் கேட்டாலும் உள்நீச்சல் தெரியும் என்பார்கள். குடமுருட்டியோ அரசலாறோ வெண்ணாறோ, ஒரு படித்துறையில் முங்கி அடுத்த படித்துறையில் தலையைத் தூக்கிய கதை ஒன்று எல்லாரிடமும் இருக்கும். அதனால் சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சில் ஆழத்துக்குப் போய்த் திரும்பும் ஃப்ரீடைவிங் வீடியோவைப் பார்த்ததும் "இதைத்தானே சின்ன வயசிலேயே செஞ்சோம்" என்று தோன்றும். பாதி சரி. தண்ணீரைக் கண்டு பயம் இல்லை என்பது பெரிய விஷயம். நகரத்து ஆட்கள் அதற்கே மாதக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். ஆனால் படித்துறையில் படிந்த பழக்கங்களில் இரண்டு, ஆளையே காலி செய்யக்கூடியவை. புதிதாகக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் அந்த இரண்டையும் விட்டாக வேண்டும்.

முதலாவது, முங்குவதற்கு முன் புஸ் புஸ்ஸென்று பத்து இருபது தடவை வேகமாக மூச்சு வாங்குவது. நிறைய காற்று உள்ளே போகிறது, அதனால் கூடுதல் நேரம் தம் கட்டலாம் என்று நினைத்துச் செய்கிறோம். உண்மையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் ரத்தத்தில் ஆக்சிஜன் 97, 98 சதவீதம் நிறைந்துதான் இருக்கிறது, வேகமாக மூச்சு வாங்கி அதற்கு மேல் பெரிதாக எதையும் ஏற்ற முடியாது. நடப்பது என்னவென்றால் கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடுகிறது. "மூச்சு முட்டுது, மேலே போ" என்று உடம்பு நம்மைத் துரத்துவது பெரும்பாலும் அந்தக் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதை வைத்துத்தான், ஆக்சிஜன் குறைவதை வைத்து இல்லை. அதைக் குறைத்துவிட்டு முங்கினால் மணி அடிக்காது. சுகமாகவே இருக்கும், இன்னும் கொஞ்சம் போகலாம் என்று தோன்றும், அப்படியே நினைவு போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்த பையன்கள் மூச்சடக்கும் போட்டியில் குளத்தில் போய்விடுவதும் இப்படி நடக்கக்கூடியதுதான். "நல்லா நீச்சல் தெரிஞ்ச பையன்தானே" என்று ஊரே புலம்பும், அவனுக்குத் தெரியாமல் போனது இது ஒன்று.

இரண்டாவது, தனியாக முங்குவது. ஃப்ரீடைவிங்கில் இதற்கு விதிவிலக்கே கிடையாது, இடுப்பளவு போர்செட் தொட்டியாக இருந்தாலும் சரி. உலகத்தின் மிகச் சிறந்த ஃப்ரீடைவர்களில் ஒருவரான ரஷ்யாவின் நதாலியா மொல்சனோவா 2015-ல் ஸ்பெயினின் ஃபோர்மெண்டேரா தீவுப் பக்கம் சாதாரண ஆழத்தில் முங்கியவர் திரும்பவே இல்லை. அவருக்கே அந்தக் கதி. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்திலும், கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குபவருக்குப் படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் இருப்பார், கயிறு ஆடினால் இழுத்துவிடுவார். அந்தக் கயிற்று ஆளுக்கு, அதாவது கூடவே இருந்து காவல் பார்க்கும் துணைக்கு, இப்போது பெயர் பட்டி (buddy), அவ்வளவுதான்.

பட்டி என்றால் கரையில் உட்கார்ந்து செல்போன் பார்க்கும் நண்பர் இல்லை. ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே தண்ணீரில் இருந்து பார்க்க வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் முங்கக் கூடாது. மேலே வந்தவரை உடனே விட்டுவிடவும் கூடாது, குறைந்தது 30 விநாடி முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் நுரையீரலில் இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனும் ரத்தத்துக்குள் நன்றாகத் தள்ளப்படுகிறது. ஏறி வரும்போது அழுத்தம் பாதியாகிறது, கீழே போதுமானதாக இருந்த ஆக்சிஜன் திடீரென்று போதாமல் போகிறது. நினைவு தப்புவது பெரும்பாலும் அந்தக் கடைசி சில மீட்டரிலோ, தலை வெளியே வந்து "வந்துட்டேன்" என்று சிரித்த பிறகோதான். அப்படி நடந்தால் வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, மாஸ்க்கைக் கழற்றி, கண்ணுக்குக் கீழே ஊதி, கன்னத்தில் தட்டி, பெயரைச் சொல்லி "மூச்சு இழு" என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் சில விநாடியில் மூச்சு திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே கரைக்கு இழுத்து, முதலுதவி, 108. இதை வகுப்பில் நேரில் செய்துகாட்டி, உங்களையும் செய்யவைத்துப் பார்ப்பார்கள். படித்தால் வராது.

சரி, வீட்டிலிருந்து என்னென்ன செய்யலாம்? நிறையவே.

தரையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்ளுங்கள், சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். ஒரு கையை வயிற்றில், ஒரு கையை நெஞ்சில் வையுங்கள். மூச்சு இழுக்கும்போது வயிற்றுக் கை முதலில் எழ வேண்டும். இரண்டு நிமிடம் சாதாரணமாக, அவசரமில்லாமல், விடும் மூச்சு இழுக்கும் மூச்சைவிட நீளமாக இருக்கும்படி விடுங்கள். கடைசியாக ஒரே ஒரு முழு மூச்சு, வயிறு, நெஞ்சு என்று கீழிருந்து நிரப்பி அடக்குங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் தொண்டையில் ஒரு நமைச்சல் மாதிரி, எச்சில் விழுங்கத் தோன்றும். அதற்குப் பிறகு வயிறு தானாகவே உள்ளே வெட்டி வெட்டி இழுக்கும், விக்கல் போல. முதல் தடவை இதைப் பார்த்துப் பயந்துவிடுவோம், உதரவிதானம் மூச்சு இழுக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். கார்பன் டை ஆக்சைடு ஏறிய அடையாளம், ஆக்சிஜன் தீர்ந்த அடையாளம் இல்லை. ஆரம்பத்தில் நாலைந்து வெட்டு வந்ததும் விட்டுவிடுங்கள். மூச்சு விட்ட பிறகு முழுசாக ஊதித் தள்ளாமல் கொஞ்சமாக விட்டு, நன்றாக இழுத்து, ஓரிரு விநாடி பிடித்து, மறுபடி கொஞ்சமாக விட்டு, மறுபடி இழுத்து, மூன்று நான்கு முறை. இந்த மீட்பு மூச்சைப் பாயிலேயே பழகிவிட்டால் தண்ணீரில் தலை தூக்கியதும் தானாக வரும். இந்தப் பயிற்சியெல்லாம் பாயில் மட்டும்தான். வண்டி ஓட்டும்போது, குளிக்கும் தொட்டியில், மாடிப்படியில் வேண்டாம்.

நேரத்தைத் துரத்தாதீர்கள். தண்ணீரில் அசையாமல் மிதந்தபடி ஸ்டெஃபான் மிஃப்சூத் 2009-ல் 11 நிமிடம் 35 விநாடி அடக்கினார் என்று படித்துவிட்டு ஸ்டாப்வாட்சோடு உட்காருவதில் ஒரு லாபமும் இல்லை. உடம்பைத் தளர்த்தத் தெரிந்தவர்கள் பலர் முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே இரண்டு நிமிடம் தொட்டுவிடுகிறார்கள், தொடக்கநிலை வகுப்புக்கு அதுவே தாராளம்.

என்னைக் கேட்டால் மூச்சைவிட முக்கியம் காது. ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவது மூச்சு போதாமல் இல்லை, காது வலித்துத்தான். இரண்டு மீட்டரிலேயே செவிப்பறையை யாரோ அமுக்குவது போலிருக்கும், தொண்டைப் பக்கத்திலிருந்து நடுக்காதுக்குக் காற்றை அனுப்பி அதைச் சமன் செய்ய வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு வயிற்றை முக்கி ஊதுவது எல்லாருக்கும் தெரிந்த வழி. தலைகீழாக இறங்கும்போது அது சில மீட்டருக்கு மேல் வேலை செய்யாது, ரொம்ப முக்கினால் காதுக்கும் கேடு. ஃப்ரீடைவர்கள் பழகுவது ஃப்ரென்ஸல் என்ற முறை, நாக்கையே பிஸ்டனாக வைத்துக் காற்றைத் தள்ளுவது. கண்ணாடி முன்னால் நில்லுங்கள். கனமான மூட்டையைத் தூக்கப் போகும்போது தொண்டை ஒரு கணம் அடைத்துக்கொள்ளுமே, அப்படி அடைத்துக்கொள்ளுங்கள். மூக்கைப் பிடியுங்கள். வாயை மூடியபடி "க்" என்று சத்தமில்லாமல் சொல்வது போல நாக்கின் பின்பக்கத்தை மேலே பின்னே தள்ளுங்கள். விரலுக்கு மேலே மூக்குத் தண்டு லேசாகப் புடைக்கும், காதில் ஒரு சின்ன சொடக்கு. இன்னொரு கை வயிற்றில் இருக்கட்டும். வயிறு அசைந்தால் நீங்கள் செய்வது பழைய முக்கல்தான், திரும்பப் பாருங்கள். சிலருக்கு அன்றைக்கே பிடிபடும், சிலருக்கு வாரக்கணக்கு ஆகும், டிவி பார்த்துக்கொண்டே பழகலாம்.

தண்ணீரில் வலி வருவதற்கு முன்பே சமன் செய்ய வேண்டும், மீட்டருக்கு ஒன்றிரண்டு தடவை. அடைத்தால் நிற்க வேண்டும், ஒரு மீட்டர் மேலே வர வேண்டும், அப்போதும் வரவில்லையா, அன்றைக்கு அவ்வளவுதான். சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழையில் நம் ஊரில் பாதிப் பேருக்கு மூக்கடைப்பு இருக்கும். காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு முங்குவதும் தப்பு. ஏற்கனவே காதில் சீழ், பறையில் ஓட்டை என்றிருந்தவர்களும், இதயம், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் பாயில்கூட ஆரம்பிக்க வேண்டாம்.

சாமான் விஷயத்தில் முதலில் வாங்க வேண்டியது மாஸ்க், அதுவும் மூக்கையும் மூடுகிற, உள்ளே காற்று கொஞ்சமாகக் கொள்கிற சிறிய சிலிக்கான் மாஸ்க். நீச்சல் கண்ணாடி உதவாது. அழுத்தத்தில் அது கண்ணைப் பிடித்து இழுக்கும், மூக்கு வெளியே இருப்பதால் உள்ளே காற்று விட வழி கிடையாது. கடையில் பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள், கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அது உங்கள் முகத்துக்கான மாஸ்க். மீசைக்காரர்களுக்கு ஒரு செய்தி: மூக்குக்குக் கீழே அந்த ரோமத்துக்குள்தான் தண்ணீர் நுழையும், மூக்கையொட்டி ஒரு கோடு மழித்துவிட்டால் போதும், முழுசாக எடுக்கத் தேவையில்லை. புது மாஸ்க்கின் கண்ணாடியில் உள்பக்கம் பற்பசை தடவித் தேய்த்துக் கழுவினால் பனி மூட்டம் குறையும், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் எச்சில் போதும். ஸ்நார்க்கல் சாதாரண வளைந்த குழாயே நல்லது, முங்கும்போது அதை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். காலில் மாட்டும் நீள ஃபின், குளிர் தாங்கும் உடையான வெட்சூட், எடை பெல்ட் எல்லாம் வகுப்பில் தருவார்கள், முன்கூட்டியே வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

எங்கே பழகுவது என்பதில்தான் டெல்டாக்காரர்களுக்குச் சிக்கல். ஊரைச் சுற்றித் தண்ணீர், ஆனால் இதற்கான தண்ணீர் இல்லை. ஆறு வேண்டவே வேண்டாம். ஜூன் 12 மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து தண்ணீர் வந்துவிட்டால் வண்டல் கலங்கி ஒரு முழத்துக்குக் கீழே சொந்தக் கை தெரியாது. பட்டி உங்களைப் பார்க்கவே முடியாத இடத்தில் பட்டி இருந்து என்ன பயன்? மதகு, ரெகுலேட்டர் ஷட்டர் பக்கம் கீழிழுப்பு இருக்கும். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள், முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே ஆளை முழுங்கும். கோயில் குளங்களில் பாசியும் கலங்கலும், பல இடங்களில் இறங்கவும் விடமாட்டார்கள், விடாததே நல்லது. கடல் இருக்கிறதே என்றால், பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாமே அலையடிக்கும் மணற்கரை. கரையிலிருந்து ரொம்ப தூரம் போனால்தான் ஆழம், அங்கே போனாலும் கலங்கல், வலை, விசைப்படகு. கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணை அமைதிதான், ஆனால் ஆழமே கிடையாது.

மிச்சம் இருப்பது நீச்சல்குளம். மாவட்ட விளையாட்டரங்கக் குளமோ தனியார் குளமோ, முதலில் பொறுப்பாளரிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள், நிறைய குளங்களில் தண்ணீருக்கடியில் மூச்சடக்கத் தடை இருக்கிறது, அந்தத் தடையில் நியாயமும் இருக்கிறது. வகுப்புக்குப் போவதற்கு முன் அங்கே மூச்சை எல்லை வரை இழுக்கவே வேண்டாம். மாஸ்க்குக்குள் தண்ணீர் போனால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, ஆழமான பக்கத்தில் காதைச் சமன் செய்து பார்ப்பது, இடுப்பை மடக்கிக் காலைத் தூக்கித் தலைகீழாக இறங்கும் டக் டைவ், இவையே போதும். டக் டைவில் எல்லாரும் செய்யும் தப்பு, எங்கே போகிறோம் என்று கீழே எட்டிப் பார்ப்பது. கழுத்து நிமிர்ந்தால் காது அடைக்கும். தாடையை உள்ளே வைத்து எதிர்ச் சுவரைப் பாருங்கள். ஒரு முங்குக்கும் அடுத்த முங்குக்கும் இடையே, உள்ளே இருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்காவது மேலே ஓய்வு.

அப்புறம் வகுப்பு. எய்டா, எஸ்எஸ்ஐ, பாடி (PADI), மொல்சனோவ்ஸ் என்று சான்றிதழ் அமைப்புகள் பல, தொடக்கநிலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாள், ஆழம் அதிகபட்சம் 20 மீட்டருக்குள். சான்றிதழைவிட ஆசிரியரைப் பாருங்கள். ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர், தண்ணீரில் கயிறும் மிதவையும் ஆக்சிஜன் சிலிண்டரும் இருக்கிறதா, மயங்கியவரை மீட்கும் பயிற்சி எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள், மழுப்பினால் வேறு இடம். நமக்குக் கிட்டத்தில் புதுச்சேரி, அங்கே டைவிங் பள்ளிகள் உண்டு, தண்ணீர் தெளிவு நாளைப் பொறுத்தது. தெளிந்த தண்ணீர் வேண்டுமென்றால் அந்தமான், ஏறக்குறைய நவம்பர் முதல் ஏப்ரல் வரை. இன்னொரு வழியும் இருக்கிறது: நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் ஆரம்பித்தார்கள், அங்கிருந்து சாலையில் திருகோணமலை. அந்தப் பக்கக் கடல் மே முதல் செப்டம்பர் வரை அமைதியாக இருக்கும், அந்தமானில் மழை பெய்யும் மாதங்களில் திருகோணமலைக்குப் போகலாம். கப்பல் ஓடுகிறதா என்று முன்பதிவுக்கு முன் பார்த்துவிடுங்கள், இடையிடையே நிறுத்திவிடுவார்கள்.

போகிற இடத்தில் ஸ்கூபாவும் செய்துவிடலாம் என்று ஆசை வரும். வரிசையை மாற்றாதீர்கள், முதலில் ஃப்ரீடைவிங், அப்புறம் ஸ்கூபா. சிலிண்டர் கட்டி இறங்கிய பிறகு உடம்பில் நைட்ரஜன் கரைந்திருக்கும், அதோடு மூச்சடக்கி ஏறி இறங்குவது ஆபத்து. ஸ்கூபா முடித்தால் ஒரு முழு நாள் விட்டுத்தான் ஃப்ரீடைவிங்.