பாக்டீரியா டி.என்.ஏவை எடுப்பதில் துண்டின் நீளம் முக்கியமா என்று சோதிக்கிறீர்களா? நானோகிராமை நம்பாதீர்கள்

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் 2,000 கார இணை (டி.என்.ஏ எழுத்து ஜோடி) நீளத் துண்டையும் 8,000 நீளத் துண்டையும் ஒரே நானோகிராம் அளவில் பாக்டீரியாவுக்குக் கொடுத்தேன். துண்டை எடுத்து இணைத்துக்கொண்ட செல்களே தட்டில் காலனியாக வளரும். இரண்டு தட்டிலும் காலனிகள் ஏறக்குறைய ஒன்றே. நீளத்தால் வித்தியாசமில்லை என்று நோட்டில் எழுதிவிட்டேன். ஒரு நானோகிராமில் 2,000 நீளத் துண்டு சுமார் 46 கோடி இருக்கும். 8,000 நீளத் துண்டு சுமார் 11.5 கோடிதான். கால்பங்குத் துண்டுகளே அத்தனை காலனி தந்திருந்தன! அதனால் எடையை அல்ல, மூலக்கூறு எண்ணிக்கையைச் சமன் செய்யுங்கள். டி.என்.ஏவை இரட்டித்தால் காலனியும் இரட்டிக்கும் அளவுக்குள்ளேயே சோதிக்க வேண்டும்.

ஈ.கோலை பாக்டீரியாவில், வளையமாக மூடாத நேர்கோட்டுத் துண்டை வைத்து இதைச் செய்யாதீர்கள். அதன் நொதிகள் திறந்த முனையிலிருந்தே அரித்துவிடும். தானாகவே டி.என்.ஏவை எடுத்துக்கொள்ளும் அசினெட்டோபாக்டர் பேய்லி என்ற பாக்டீரியாதான் எனக்குப் பிடித்தது. ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் அதன் ரகத்திலிருந்து, எதிர்ப்பைத் தரும் திடீர்மாற்றம் நடுவில் வரும்படி பிசிஆரில் (டி.என்.ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) 500 முதல் 8,000 வரை துண்டுகளைப் பெருக்குங்கள்.

முழு மரபணுத் தொகுதி டி.என்.ஏவையும் ஒப்பிடுவதானால் வோர்டெக்ஸ் (குழாயை வேகமாகக் குலுக்கும் கருவி) பக்கம் போகவே வேண்டாம். டி.என்.ஏவை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் மேலே கெட்டியாக நிற்க வேண்டிய பட்டை, கீழ்நோக்கி இழுபட்ட தீற்றலாகத் தெரிந்தால் அது உடைந்துவிட்டது. பிப்பெட் முனையை வெட்டி அகலமாக்கி, மெதுவாக உறிஞ்சுங்கள்.

டி.என்.ஏவைப் பாக்டீரியாவோடு கலந்து அரை மணி நேரம் கழித்து, மக்னீசியத்தோடு டிஎன்ஏஸ் (டி.என்.ஏவை வெட்டும் நொதி) சேர்த்தால் வெளியே மிஞ்சியது அழியும். ரிஃபாம்பிசின் தட்டில் பரப்புமுன் இரண்டு மணி நேரம் வளரவிடுங்கள். எதிர்ப்பு வெளிப்பட நேரம் பிடிக்கும். டி.என்.ஏ சேர்க்காத குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும், தானாகத் தோன்றும் எதிர்ப்புக் காலனிகளைக் கழிக்க.

இங்கேதான் நிதானம் தேவை. 500 நீளத் துண்டுக்குக் காலனி குறைந்தால் 'செல் எடுக்கவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். உள்ளே போகும்போதே ஓர் இழை சிதைந்துவிடுகிறது. மிஞ்சிய இழையின் முனைகளும் அரிபடும். இருபுறமும் போதிய ஒத்த வரிசை மிஞ்சாவிட்டால் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இணையாது. காலனி சொல்வது உள்ளே வந்ததையும் இணைந்ததையும் சேர்த்துத்தான். உள்ளே வந்ததை மட்டும் அறிய, செல்லில் இல்லாத அந்நிய வரிசையில் துண்டுகள் செய்து, டிஎன்ஏஸுக்குப் பின் நன்கு கழுவி, உடனே கியூபிசிஆரில் (டி.என்.ஏவின் அளவைக் கணக்கிடும் பிசிஆர்) அளவிடுங்கள்.

ஹீமோஃபிலஸ் என்ற பாக்டீரியாவில் இன்னொன்றும் கவனியுங்கள். குறிப்பிட்ட 9 எழுத்து வரிசை உள்ள துண்டுகளையே அது விரும்பி எடுக்கும். நீளத் துண்டில் அந்த வரிசை தற்செயலாக அமையும் வாய்ப்பு அதிகம்; எல்லாத் துண்டிலும் அது ஒரே ஒருமுறை வரும்படி ப்ரைமரை (பிசிஆர் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் குட்டி டி.என்.ஏ) வடிவமைத்துக்கொள்ளுங்கள்.