வேலை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ரெஸ்யூமுக்கு முன்னால் பெயரைப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு பாபநாசம் வீட்டுக்கு வந்தான். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் மூன்று வருடம் கணக்கு எழுதியவன். இப்போது திருச்சிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "மாமா, ரெஸ்யூமை மட்டும் ஒரு தடவை பார்த்துக் குடுங்க" என்றான். ரெஸ்யூமை ஓரமாக வைத்துவிட்டு ஃபைலைத் திறந்தேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பான் கார்டில் இன்னொன்று. நான் ஒரு காலத்தில் தூக்கிக்கொண்டு அலைந்த ஃபைல் அப்படியே திண்ணைக்குத் திரும்பி வந்தது போல இருந்தது.

உரக்கடையில் தொடங்கி, நிதி நிறுவனத்தில் வசூலுக்குப் போய், அப்புறம் கிடங்கு வேலைக்கு மாறி, இப்போது ஒரு கிடங்கில் ஆள் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே வந்து உட்காரும் பிள்ளைகள் என் பழைய தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். நேரத்துக்குப் போங்கள், சட்டையை இஸ்திரி போடுங்கள், செல்போனை அணைத்து வையுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார்.

"அனுபவம்: இல்லை"

டெல்டா பிள்ளைகளின் ரெஸ்யூமில் நான் அதிகம் பார்க்கும் பொய் இதுதான். "டிகிரி முடிச்சு மூணு வருஷம் என்ன பண்ணினீங்க தம்பி?" என்று கேட்டால், "சும்மாதான் சார் இருந்தேன்" என்பார்கள். தோண்டிக் கேட்டால் இரண்டு சீசன் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தரோடு நின்றது தெரியவரும். 40 கிலோ மூட்டை எத்தனை வந்தது, எத்தனை லாரியில் போனது, எத்தனை இருப்பு, சாக்கு எத்தனை மிச்சம் என்று இருட்டும் வரை கணக்கு. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை நிறுத்திவைத்து, விவசாயியின் கோபத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். லாரி வராமல் மூட்டை தேங்கி, மேலே மழை இருட்டிக்கொண்டு வந்தால் தார்ப்பாயை இழுத்துக் கட்ட வேண்டும். எங்கள் கிடங்கிலும் இதே வேலைதான், பெயர்தான் வேறு.

ஆகவே அதை எழுதுங்கள். எந்தப் பருவம், எத்தனை மாதம், நாளுக்குச் சுமாராக எத்தனை மூட்டை, எந்தப் பதிவேடு எழுதினீர்கள் என்று நான்கு வரி போதும். எண்ணிக்கையைக் கூட்டிப் போடாதீர்கள், கேள்வி கேட்டால் திணறுவீர்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் ஐந்து வருடம் வரவு செலவு எழுதிய பெண்கள் "வீட்டில் இருந்தேன்" என்று எழுதிக்கொண்டு வருவதும் இதே தவறுதான். பேங்கில் குழுக் கடன் வாங்கி, தவணை தவறாமல் கட்ட வைத்தவருக்கு அனுபவம் இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

நானும் என் முதல் ரெஸ்யூமில் உரக்கடையை எழுதவில்லை. வெட்கம்.

"பேருதானே, அப்புறம் பார்த்துக்கலாம்"

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து. முதல் எழுத்து ஊருக்கு, இரண்டாவது அப்பாவுக்கு. பள்ளிக்கூடத்தில் தாத்தா அப்படித்தான் சேர்த்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இரண்டு எழுத்தும் இருக்கும். ஊரில் ஆதார் முகாம் போட்டபோது சரியான கூட்டம். தட்டச்சு செய்த பெண் பெயரைக் கேட்டார், வெறும் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இனிஷியலே இல்லை. பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியலை ஒற்றை எழுத்தாகப் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். நிரப்பிக் கொடுத்த கடைக்காரர் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டார், ஊரைக் காணோம். பேங்க் பாஸ்புக்கில் அப்பா எழுத்து மட்டும் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆள் நான் ஒருத்தன், தாளில் நாலு பேர்.

2016ல் ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. வாங்கிக்கொண்டிருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சம்பளம். நிதி நிறுவனத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். சேர வேண்டிய நாளன்று அலுவலகத்தில் ஒரு பெண் என் தாள்களை மேஜை மேல் வரிசையாகப் பரப்பினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல நீங்க யாரு சார்?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கிக் கொடுத்தேன். சான்றிதழ் சரிபார்க்கும் வேலையை வெளியே ஓர் ஏஜென்சியிடம் விட்டிருந்தார்கள், அவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆதாரைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னார்கள். திருத்தி வருவதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். பழைய வேலையும் போயிருந்தது. நாலு மாதம் வீட்டில் இருந்தேன். நான் ஊருக்குத் திரும்பி வந்திருப்பதை அம்மா அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அதோடு முடியவில்லை. பழைய நிறுவனம் என் பி.எஃப். கணக்கில் பெயரைத் தப்பாக ஏற்றியிருந்தது, பிறந்த தேதியையும் சேர்த்து. அப்போது திருத்த வேண்டுமென்றால் முதலாளி தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். நான் வேலை பார்த்த கிளையையோ மூடிவிட்டார்கள். தலைமை அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவரைப் பிடிப்பதற்குள் செருப்பு தேய்ந்தது. ஆறு வருடப் பணம் கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. இப்போது ஆதாரோடு சரிபார்க்கப்பட்ட கணக்கு என்றால் சில திருத்தங்களை நாமே ஆன்லைனில் செய்துவிடலாம். ஆனால் அதற்கும் ஆதாரில் பெயர் சரியாக இருக்க வேண்டுமே.

நம் ஆட்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் இனிஷியலாகச் சுருங்கி நிற்கும், சிலருக்குத் தாத்தாவும் ஊரும்கூட. விண்ணப்பப் படிவமோ குடும்பப் பெயர் எங்கே என்று ஒரு கட்டத்தைக் காட்டும். அந்தக் கட்டத்தை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஆள் ஒவ்வொரு விதமாக நிரப்புகிறார். போதாததற்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. ஒரே அப்பா ஒன்றில் செல்வராஜ், இன்னொன்றில் செல்வராஜு, மூன்றாவதில் செல்வராசு. ‘ழ’ இருக்கிற பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். பிறந்த தேதிக்கும் ஒரு வரலாறு உண்டு. எங்கள் தலைமுறையில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது சரியாக வருவதற்காக வாத்தியார்களே மே, ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார்கள். எங்கள் தெருவில் பாதிப்பேர் ஜூனில் பிறந்தவர்கள்.

பெண்களுக்கு இது இரண்டு மடங்கு. கல்யாணம் ஆனதும் முகவரி மாற்றப் போகிறவர்கள், கூடவே அப்பா இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவர் இனிஷியலைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, பழைய பி.காம். சான்றிதழை எடுத்துக்கொண்டு வேலைக்கு வரும்போது இரண்டு தாளும் ஒத்துப்போகாது. கல்யாணம் ஆனால் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முகவரியை மட்டும் மாற்றுங்கள், பெயரைத் தொடாதீர்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருந்த எத்தனையோ பேருக்கு அந்தச் சில நாட்கள் வயிற்றில் புளியைக் கரைத்தன.

சரி, என்ன செய்வது? பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் திருத்துவதற்கு மிகவும் கஷ்டமானது அதுதான். முதலில் ஆதாரை அதற்கு ஒத்தபடி ஆக்குங்கள். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரே முறை. ஆகவே மையத்தில் திரையில் காட்டும்போது ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். பின்னால் நிற்கிறவர் முனகினால் முனகட்டும். ஆதார் சரியான பிறகு பான், அப்புறம் பேங்க், அப்புறம் பி.எஃப். இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்வீர்கள். அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு கொடுப்பது, பெயரே வேறாக இருப்பவர்களுக்கான கடைசி வழி. ‘எஸ். முருகன்’ என்பது ‘முருகன் எஸ்.’ என்று இருந்தால் பயந்து ஓடாதீர்கள், பெரும்பாலான இடங்களில் ஓர் உறுதிமொழிக் கடிதத்தோடு முடிந்துவிடும். எழுத்து விடுபடுவது, எழுத்துக்கூட்டல் மாறுவது, தேதி மாறுவது, இந்த மூன்றும்தான் ஆளைக் கவிழ்ப்பவை.

இதையெல்லாம் வேலை தேடத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். வேலை உத்தரவு கைக்கு வந்த பிறகு செய்தால், நான் போன வழியில்தான் போவீர்கள்.

ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனி

கொடுக்காதீர்கள்.

"குரூப் ஃபோர் வரட்டும்"

தேர்வுக்குப் படிப்பதைக் குறை சொல்லவில்லை. என் தம்பியே அப்படிப் படித்துத்தான் உள்ளே போனான். ஆனால் 2024 குரூப் 4 தேர்வின் முதல் அறிவிப்பில் இருந்தவை 6,244 இடங்கள், எழுதியவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். பிறகு இடங்களைக் கூட்டினார்கள் என்றாலும் கணக்கு பெரிதாக மாறவில்லை. ஐந்து வருடம் படிப்பு மட்டும் என்று இருந்துவிட்டு 29 வயதில் என் முன்னால் வந்து உட்கார்ந்தால், அந்த ஐந்து வருடத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை. அரை நாள் வேலை ஏதாவது ஒன்றில் இருந்துகொண்டே படியுங்கள். டேலி கற்றுக்கொண்டு ஓர் ஆடிட்டரிடம் மாலையில் பில் பதிவு செய்தாலும் போதும்.

விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்பவர்

ஏஜெண்டாகத்தான் இருப்பார். வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், அதற்கு மேல் வாங்கக்கூடாது. இதைச் சொன்னால் மன்னார்குடிப் பக்கம் சிரிக்கிறார்கள். நிலத்தை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுத்துப் பழகிவிட்டோம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். சென்னைக்காரருக்கு அது ரோடு, நமக்கு அது, சவூதி, குவைத், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகும்முன் குடிபெயர்வு அனுமதி வாங்கியாக வேண்டும் என்ற குறிப்பு. அந்த அனுமதியைத் தவிர்க்கத்தான் விசிட் விசா என்று பேச்சை ஆரம்பிக்கிறார்கள்.

"அறுவடை முடியட்டும் சார்"

கம்பெனிக்குக் குறுவை, சம்பா தெரியாது. சேரும் தேதி தள்ள வேண்டுமென்றால் நேர்காணலிலேயே கேளுங்கள்.

சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிடுவது

சின்ன ஊர் வேலையில் இது சகஜம். தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு மறுநாளிலிருந்து வராமல் இருந்துவிடுவார்கள். கடை முதலாளியும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார், வேறு பையனைப் போட்டுக்கொள்வார். அடுத்த கம்பெனி பணி விடுவிப்புக் கடிதம் கேட்கும்போதுதான் வினை. நிற்கப் போவதை ஒரு மாதம் முன்னால் எழுதிக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்குங்கள். சம்பளத்தைக் கையில் வாங்கும் இடமாக இருந்தால், மாதாமாதம் அதைப் பேங்கில் போட்டுவிட்டுச் செலவுக்கு எடுங்கள். கடிதம் கிடைக்காத பட்சத்தில் அந்தப் பாஸ்புக் பக்கங்களாவது பேசும்.

அக்கா மகனும் இப்படி நின்றவன்தான். திங்கட்கிழமை அவனை அழைத்துக்கொண்டு கும்பகோணம் போனேன். முதலாளி முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு டீ சொன்னார். லெட்டர்பேடை எடுத்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை என்று கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்துக் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு மகாமகக் குளம் வரை நடந்து வந்த பிறகுதான் பையன் தாளைப் பிரித்துப் பார்த்தான்.

இனிஷியல் இல்லை. திரும்பிப் போனோம்.