ஆபீஸ்ல குடுத்த பாகுபாடு புகார கண்டுக்கலையா, அடுத்து எங்க போறது

எங்க அக்கா அரசு ஊழியர், ஒரு கால் சரியா வராது, கீழ இருந்த சீட்ட லிஃப்ட் இல்லாத ரெண்டாவது மாடிக்கு மாத்திட்டாங்க, புகார் குடுத்தா "எல்லாருக்கும் அதே ரூல் தான்மா"ன்னு முடிச்சு விட்டாங்க. அப்ப அலைஞ்சு கத்துக்கிட்டது இது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20 அரசு வேலையில பாகுபாடு கூடாதுங்குது. பிரிவு 23 படி ஒவ்வொரு அரசு அலுவலகத்துக்கும் குறைதீர் அலுவலர் இருக்கணும், புகார் பதிவானா 2 வாரத்துல விசாரிக்கணும். வாயால சொல்லி விட்றாதீங்க, எழுதிக் குடுத்து நகல்ல தேதியோட சீல் வாங்கிக்கோங்க, இது இல்லாம பின்னாடி ஒண்ணும் நிக்காது.

முடிவு திருப்தி இல்லையா, அதே பிரிவுலயே மாவட்டக் குழுவுக்குப் போகலாம்னு இருக்கு. மதுரைக்காரங்க கலெக்டர் ஆபீஸ் போயி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரப் பாருங்க. மனுவுல அழுகைய விட தேதி முக்கியம்: என்னைக்கு மாத்துனாங்க, என்னைக்கு புகார் குடுத்தீங்க, என்ன பதில் வந்துச்சு, இப்ப என்ன வேணும். யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நகல், மாறுதல் ஆர்டர் சேருங்க. விசாரணைக் குறிப்பு தரலைன்னா 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்க, 30 நாள்ல பதில் வரணும்.

அதுக்கு மேல சென்னையில மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்காரு. மாநில அரசு ஊழியர்னா, கடைசியா மதுரை மேலூர் ரோட்ல ஐகோர்ட் கிளையில ரிட் (அரசு உத்தரவ எதிர்த்துப் போடுற மனு) போடலாம், சர்வீஸ் கேஸ் (அரசு வேலை சம்பந்தமான வழக்கு) பாக்குற வக்கீலா பாத்து போங்க, லேட் பண்ணாதீங்க.